யூஸ்நெட்டில் மட்டுறுத்தலும் மறுப்பும்

யூஸ்நெட் என்பது கணினிகளுக்கு இடையே பொதுச் செய்திகளைப் பரிமாறிக்கொள்வதற்காக 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உருவான வலையமைப்பு ஆகும். உலகளாவிய வலை வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே மக்கள் இதில் கூடி உரையாடினர், சண்டையிட்டனர், சமாதானம் ஆயினர். யார் பேசலாம், எதைப் பேசலாம், வரம்பு மீறியவரை என்ன செய்வது, பொது முடிவை ஏற்காதவர் எங்கே போவது ஆகிய கேள்விகள் பெரிய அளவில் எழுந்த முந்தைய இணையச் சமூகங்களுள் இது முக்கியமானது. எரிதம் என்று தமிழில் வழங்கும் தொல்லைச் செய்திக்கு உரிய ஸ்பேம் என்ற ஆங்கிலச் சொல் உலகெங்கும் பரவியதில் யூஸ்நெட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

தலைமை இல்லாத அமைப்பு

டியூக் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யூனிக்ஸ் கணினிகளைத் தொலைபேசி வழியே இணைத்துச் செய்தி பரிமாறலாம் என்று திட்டமிட்டனர். அருகில் இருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதினார். ஒரு கணினி தன் பக்கத்துக் கணினியைத் தொலைபேசியில் அழைக்கும். தன்னிடம் உள்ள புதிய செய்திகளைக் கொடுக்கும், இல்லாதவற்றை வாங்கிக்கொள்ளும். அந்தக் கணினி அடுத்ததை அழைக்கும். கைமாற்றாகப் போகும் கடிதம் போலச் செய்தி ஊர் ஊராகப் பரவும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு செய்திகளுக்கு மேல் வராது என்பது உருவாக்கியவர்களின் மதிப்பீடு.

ஒன்றிரண்டு செய்திகளுக்கு யார் காவலாளி வைப்பார்கள்? ஆகவே மைய வழங்கி, உரிமையாளர், உறுப்பினர் பட்டியல், நீக்கும் அதிகாரம் எதுவுமே வடிவமைப்பில் இடம்பெறவில்லை. ஒவ்வொரு கணினியின் நிர்வாகியும் தன் கணினியில் எந்தக் குழுவை ஏற்பது, எதை அடுத்தவருக்கு அனுப்புவது என்று தானே முடிவு செய்தார். அவருக்கு மேல் எவரும் இல்லை. பின்னாளில் நடந்த எல்லாச் சச்சரவுகளுக்கும் வேர் இந்த ஒற்றை ஏற்பாட்டில் இருக்கிறது.

வாசகரின் கையிலும் ஓர் ஆயுதம் இருந்தது. பின்னர் பெர்ல் நிரல்மொழியை உருவாக்கிய லாரி வால், 1984இல் வெளியிட்ட ஆர்என் என்னும் செய்தி வாசிப்பு மென்பொருளில் 'கொலைக் கோப்பு' என்ற வசதியை வைத்தார். ஒருவரின் பெயரையோ ஒரு தலைப்பையோ அதில் எழுதிவிட்டால் அவை அந்த வாசகரின் திரைக்கு வராது. பேசுபவரின் வாயை அடைக்காமல் கேட்பவர் தம் காதைப் பொத்திக்கொள்ளும் ஏற்பாடு இது. இன்றைய சமூக ஊடகங்களில் உள்ள 'முடக்கு' பொத்தான் இதையே செய்கிறது.

மட்டுறுத்துநர் என்ற பொறுப்பு

தொடக்கத்தில் பெரும்பாலான குழுக்களின் பெயர்கள் 'நெட்' என்ற முன்னொட்டுடன் இருந்தன. எவரும் எதையும் எழுதலாம். கூட்டம் பெருகியபோது பயனுள்ள செய்தி இரைச்சலில் மூழ்கத் தொடங்கியது. 1984 வாக்கில் 'மாட்' என்ற முன்னொட்டுடன் மட்டுறுத்தப்பட்ட குழுக்கள் தோன்றின. இவற்றில் எழுதுபவரின் செய்தி நேரே குழுவுக்குப் போகாது. மின்னஞ்சலாக ஒருவருக்குப் போகும். அவர் படித்து, ஏற்றால் 'அங்கீகரிக்கப்பட்டது' என்ற தலைப்பு வரியைச் சேர்த்து வெளியிடுவார். அந்த வரியை எவர் வேண்டுமானாலும் போலியாகச் சேர்க்க முடியும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. பூட்டு இல்லாத கதவில் 'உள்ளே வராதீர்' என்று எழுதி வைத்தது போன்ற காவல்தான். ஆயினும் பல ஆண்டுகள் அது போதுமானதாக இருந்தது.

மட்டுறுத்துநரின் தீர்ப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 1987இல் பிராட் டெம்பிள்டன் தொடங்கிய நகைச்சுவைக் குழுவின் கதை சான்றாகும். வரும் துணுக்குகளில் தமக்குச் சிரிப்பு வந்தவற்றை மட்டும் அவர் வெளியிட்டார். 1988ஆம் ஆண்டின் இறுதியில் யூதர்களையும் ஸ்காட்லாந்துக்காரர்களையும் பற்றிய ஒரு துணுக்கு வெளியானது. ஜெர்மனியில் யூதர்கள் மீது நடந்த 1938ஆம் ஆண்டுத் தாக்குதலின் ஐம்பதாம் நினைவு அனுசரிக்கப்பட்ட காலம் அது. புகார் எழுந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் அக்குழுவைத் தன் கணினிகளிலிருந்து விலக்கியது. 1989 தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அதையே செய்தது. அங்கே செயற்கை நுண்ணறிவு ஆய்வின் முன்னோடியான ஜான் மெக்கார்த்தி எதிர்த்து நின்றார். செய்திக்குழுவை நூலகத்தைப் போலக் கருத வேண்டும், ஒரு நூல் சிலரைப் புண்படுத்துகிறது என்பதற்காகப் பல்கலைக்கழகம் அதை அலமாரியிலிருந்து எடுப்பதில்லை என்பது அவர் வாதம். ஸ்டான்ஃபோர்டு பின்வாங்கியது, குழு திரும்பி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெக்கார்த்தி எதிர்த்தது டெம்பிள்டனின் தேர்வு உரிமையை அன்று. ஆசிரியர் ஒருவர் தம் இதழுக்குத் தேர்ந்தெடுப்பதும், இதழையே வாசகரின் கைக்கு எட்டாமல் நிறுவனம் எடுத்துவிடுவதும் வெவ்வேறு செயல்கள். இன்றும் மட்டுறுத்தல் பற்றிய வாதங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

முதுகெலும்பும் பெருமறுபெயரிடலும்

தலைமை இல்லை என்பது ஏட்டளவில் உண்மை. நடைமுறையில் தொலைபேசிக் கட்டணம் கட்டியவரே தலைவர். நெடுந்தொலைவு அழைப்புகளுக்கு அக்காலத்தில் பெரும் பணம் ஆனது. பெல் ஆய்வகம், டெக் நிறுவனம் போன்ற சில இடங்களின் கணினிகளே நாட்டின் குறுக்கே செய்திகளைச் சுமந்தன. இவை முதுகெலும்புக் கணினிகள் எனப்பட்டன. ஜீன் ஸ்பாஃபோர்டு இவற்றின் பட்டியலைப் பேணி நிர்வாகிகளை ஓர் அஞ்சல் குழுவில் இணைத்தார். இவர்கள் கொண்டுசெல்ல மறுத்த குழு பெயருக்கு இருக்குமே தவிர ஊர் தாண்டாது. அதிருப்தி அடைந்தவர்கள் இவர்களை 'முதுகெலும்புச் சதிக்குழு' என்று அழைத்தனர். 'சதிக்குழு என்று ஒன்று இல்லை' என்பது நிர்வாகிகளின் வாடிக்கையான பதில். காலப்போக்கில் அந்தப் பதிலே யூஸ்நெட்டின் நிலைத்த நகைச்சுவையாகிவிட்டது.

ஐரோப்பாவின் நிலை இன்னும் கடினம். அங்குள்ளவர்களுக்குச் செய்திகள் ஆம்ஸ்டர்டாமில் இருந்த கணித ஆய்வு மையத்தின் கணினி வழியே கடல் கடந்து வந்தன. அந்தச் செலவை ஐரோப்பிய நிறுவனங்கள் பகிர்ந்துகொண்டன. அமெரிக்கர்கள் மதத்தையும் அரசியலையும் பற்றி இரவெல்லாம் சண்டையிடுவதற்குத் தாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் எல்லாக் குழுக்களும் 'நெட்' என்ற ஒரே முன்னொட்டின் கீழ் இருந்ததால் வேண்டாதவற்றை மட்டும் பிரித்து ஒதுக்குவது தொல்லையாக இருந்தது.

இதற்குத் தீர்வாக வந்ததே பெருமறுபெயரிடல். 1986 ஜூலை முதல் 1987 மார்ச் வரை, ரிக் ஆடம்ஸ் முன்னின்று நடத்திய இந்த மாற்றத்தில் குழுக்கள் அனைத்தும் ஏழு பெரும்பிரிவுகளின் கீழ் வந்தன: கணினிக்கு 'காம்ப்', அறிவியலுக்கு 'சை', பொழுதுபோக்குக்கு 'ரெக்', சமூகத்துக்கு 'சாக்', யூஸ்நெட் பற்றிய பேச்சுக்கு 'நியூஸ்', இதில் எதிலும் சேராதவற்றுக்கு 'மிஸ்க்'. ஏழாவது 'டாக்'. மதம், அரசியல், கருக்கலைப்பு போன்ற தீராத வாதங்கள் எல்லாம் இந்தப் பிரிவுக்குத் தள்ளப்பட்டன. ஒரு நிர்வாகி ஒற்றை வரியில் 'டாக்' வேண்டாம் என்று அமைத்துவிட்டால் சச்சரவு முழுவதும் அவர் வாசலிலேயே நின்றுவிடும்.

எவர் பேச்சும் தடை செய்யப்படவில்லை. ஆனால் பெயர் மாறிய உடனே அந்தப் பேச்சு போகும் தூரம் குறைந்தது. பேச்சை அழிக்காமல் அதன் எட்டுகையைச் சுருக்கும் இந்த உத்தி பிற்காலத் தளங்களிலும் தொடர்கிறது. எதிர்த்தவர்களும் இதை நன்றாகப் புரிந்தே எதிர்த்தனர். வலையமைப்பு முழுதும் மாதக்கணக்கில் வாதம் நடந்தது.

பெயருக்காக நடந்த இன்னொரு சண்டை 1989இல் வந்தது. மீன் தொட்டி வளர்ப்போருக்கு ஒரு குழு வேண்டும். அது பொழுதுபோக்கா, அறிவியலா? ரிச்சர்ட் செக்ஸ்டன் என்பவர் 'சை' பிரிவில்தான் வேண்டும் என்று நின்றார். 'ரெக்' பிரிவை ஏற்காத நிறுவனங்கள்கூட 'சை' பிரிவை ஏற்றன என்பதே காரணம். முடிவில் இரண்டு பிரிவிலும் மீன் தொட்டிக் குழுக்கள் வந்தன.

பார்பிக்யூ கடையில் பிறந்த மாற்று

மறுபெயரிடலை ஏற்காதவர்களுள் பிரையன் ரீட் ஒருவர். அவர் நடத்திய சமையல் குறிப்புக் குழுவுக்குப் புதிய ஏற்பாட்டில் தரப்பட்ட பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. ஜான் கில்மோருக்கு வேறு மனக்குறை: போதைப்பொருள் பற்றிய குழு ஒன்றை முதுகெலும்பு நிர்வாகிகள் ஏற்க மறுத்தனர். 1987 மே 7 அன்று கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் ஓர் இறைச்சி உணவகத்தில் இவ்விருவரும் கார்டன் மோஃபட்டும் சந்தித்தனர். முதுகெலும்பின் தயவு இல்லாமல் தங்கள் கணினிகளுக்குள்ளேயே ஒரு மாற்று வழியை அமைப்பது என முடிவாயிற்று. அதன் பெயர் 'ஆல்ட்', அதாவது மாற்று.

இது நடக்கக்கூடியதாக இருந்ததற்குத் தொழில்நுட்பமும் காரணம். 1986இல் வெளியான என்என்டிபி நெறிமுறை, தொலைபேசி அழைப்பு இல்லாமல் இணைய இணைப்பு வழியாகவே செய்திகளைக் கடத்த உதவியது. தொலைபேசிக் கட்டணம் பொருட்டில்லாத இடங்களில் கட்டணம் கட்டியவரின் அதிகாரமும் தளர்ந்தது. 'ஆல்ட்' பிரிவில் குழு தொடங்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1988 ஏப்ரலில் பாலுறவு பற்றிய குழு ஒன்றை மற்ற பிரிவுகளில் அமைக்கலாமா என்ற வாதம் இழுத்தபோது ரீட் அதை 'ஆல்ட்' பிரிவில் தாமே தொடங்கினார். கூடவே ராக் இசைக்கும் ஒன்று. போதைப்பொருளுக்கான குழு ஏற்கனவே இருந்ததால், மேற்குலகின் பழைய முழக்கம் நிறைவு பெறட்டும் என்பது அவர் குறும்பு.

மறுப்பாளர்கள் வெளியேறித் தனி வீடு கட்டியது பழைய வீட்டையும் மாற்றியது. ஏழு பிரிவுகளிலும் புதிய குழுவுக்கு வாக்கெடுப்பு முறை உறுதியாயிற்று. முன்மொழிவை முதலில் விவாதிக்க வேண்டும். பிறகு மின்னஞ்சலில் வாக்கு. எதிர்ப்பு வாக்குகளைவிட ஆதரவு வாக்குகள் 100 கூடுதலாக இருக்க வேண்டும். பின்னர் மூன்றில் இரு பங்கு ஆதரவும் தேவை என்ற விதி சேர்ந்தது. எண்ணுபவர்மீதே ஐயம் எழுந்ததால் 1993இல் நடுநிலையான தன்னார்வ வாக்கு எண்ணும் குழு அமைந்தது. அதே ஆண்டு ஸ்பாஃபோர்டு தம் பொறுப்புகளிலிருந்து விலகினார்.

இந்த 'சாக்' பிரிவின் பண்பாட்டுக் குழுக்களுள் தமிழுக்கும் ஒன்று இருந்தது. தமிழ் எழுத்துருக்கள் பரவலாகாத அந்நாளில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்த தமிழ் மாணவர்கள் ரோமன் எழுத்தில் தமிழை எழுதி அங்கே உரையாடினர்.

நீக்கும் அதிகாரம் யாருடையது?

யூஸ்நெட்டில் ஒருவர் தாம் எழுதியதைத் திரும்பப் பெற 'ரத்து' என்ற கட்டுப்பாட்டுச் செய்தியை அனுப்பலாம். அதைப் பெறும் ஒவ்வொரு கணினியும் மூலச் செய்தியை அழித்துவிடும். அனுப்புபவர் உண்மையில் எழுதியவர்தானா என்று சோதிக்கும் வழி இல்லை. அதாவது எவரும் எவருடைய செய்தியையும் அழிக்கலாம். பத்தாண்டுக்கும் மேலாக, அப்படிச் செய்வது இழிசெயல் என்ற பொதுக்கருத்தே காவலாக நின்றது.

1993இல் ரிச்சர்ட் டெப்யூ என்பவர் அந்த வேலியைத் தாண்டப் பார்த்தார். பின்லாந்தின் யோஹான் ஹெல்சிங்கியஸ் நடத்திய வழங்கி, எழுதுபவரின் பெயரை மறைத்துச் செய்தி அனுப்ப உதவியது. இப்படிப் பெயரிலிகளாக வரும் செய்திகளைத் தானாகவே ரத்து செய்ய டெப்யூ ஒரு நிரல் எழுதினார். மார்ச் 31 இரவு அதை ஓட்டினார். நிரலில் பிழை. தான் இட்ட செய்திக்கே அது மறுமொழி இட்டு, அதற்கும் மறுமொழி இட்டு, நிர்வாகிகளின் கொள்கைக் குழுவில் ஏறத்தாழ 200 செய்திகளைக் கொட்டியது. டெப்யூ மன்னிப்புக் கேட்டார். ஸ்பேம் என்ற சொல் யூஸ்நெட்டில் வேரூன்றிய நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

1994 தொடக்கத்தில் வேறு வகைத் தொல்லை. செர்டார் ஆர்ஜிக் என்ற பெயரில் இயங்கிய ஒரு கணக்கு, துருக்கி என்னும் ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் ஆர்மேனியர்களுக்கு எதிரான நீண்ட பதில்களைக் கொட்டியது. வான்கோழிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல். ஆகவே நன்றிநாள் விருந்துக்கு வான்கோழி சமைப்பது பற்றி எழுதியவர்களும் இனப்படுகொலை மறுப்புரையைப் பெற்றனர். எழுதுவது மனிதரல்ல, நிரல் என்பது அப்போது வெளிப்பட்டது.

ஏப்ரல் 12 அன்று அதைவிடப் பெரியது வந்தது. அரிசோனாவின் பீனிக்ஸ் நகர வழக்கறிஞர்களான லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் தம்பதியர் அமெரிக்க நிரந்தர வதிவிட அட்டைக் குலுக்கலுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதாக விளம்பரம் செய்தனர். 5,500க்கும் மேற்பட்ட குழுக்களில் அது தனித்தனிச் செய்தியாக இடப்பட்டது. ஒரே செய்தியைப் பல குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பியிருந்தால் வாசகர் ஒருமுறை மட்டும் பார்த்திருப்பார். தனித்தனியே இட்டதால் போன இடமெல்லாம் அதே விளம்பரம். கோபமடைந்தவர்கள் அனுப்பிய மடல்களின் சுமையில் அவர்களது இணைய நிறுவனத்தின் வழங்கிகள் முடங்கின. நார்வேயின் ஆர்ண்ட் குல்பிரான்ட்சன் அவர்களின் செய்திகளைத் தேடி ரத்து செய்யும் நிரலை இயக்கினார். ஓராண்டு முன் டெப்யூவைக் கண்டித்த சமூகம் இவரைப் பாராட்டியது.

ஆனால் எந்த அளவுகோலில்? பிறர் செய்தியை அழிப்பது தவறு என்றால் இது மட்டும் எப்படிச் சரி? இந்தக் கேள்விக்கு யூஸ்நெட் கண்ட விடை அதன் சிறந்த சாதனை என்று சொல்லத் தகும். செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்கவே கூடாது. எத்தனை முறை இடப்பட்டது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். சேத் பிரைட்பார்ட் ஒரு கணக்கீட்டைத் தந்தார். ஒவ்வொரு பிரதியும் எத்தனை குழுக்களுக்குப் போனதோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நான்கு குழுக்களுக்குச் சென்ற 9 பிரதிகள் என்றால் 9 பெருக்கல் 2, அதாவது 18. 45 நாளில் இத்தொகை 20ஐத் தொட்டால் எவரும் ரத்து செய்யலாம், குறைந்தால் தொடக்கூடாது. விளம்பரமோ, வேத வசனமோ, அரசியல் முழக்கமோ, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. பிடிக்காத கருத்தை எரிதம் என்று பெயரிட்டு அழிக்கும் வழி இதனால் அடைபட்டது.

அடைபட்ட வழியைத் திறக்க முயன்றவர்களும் உண்டு. சயின்டாலஜி மதத்தை விமர்சித்தோர் கூடிய 'ஆல்ட்' குழு ஒன்றை முழுதாக நீக்குமாறு 1995 ஜனவரியில் அம்மதத்தின் வழக்கறிஞர் ஹெலனா கோப்ரின் கட்டுப்பாட்டுச் செய்தி அனுப்பினார். நிர்வாகிகள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. குழுவுக்கு முன்னைவிடக் கூட்டம் சேர்ந்தது. அடுத்த மாதம் பின்லாந்துக் காவல்துறையின் நெருக்குதலால் ஹெல்சிங்கியஸ் தம் வழங்கியின் பயனர் ஒருவரின் அடையாளத்தைத் தர நேர்ந்தது. 1996இல் அந்தச் சேவையையே அவர் மூடினார். தலைமை இல்லாத வலையமைப்பை ஒரு கட்டளையால் அடக்க முடியவில்லை. ஆனால் அதில் ஒரு தனிமனிதரின் வழங்கியை நீதிமன்றத்தால் தொட முடிந்தது.

எரிதத்தைத் தடுக்காத நிறுவனங்களுக்கு இறுதித் தண்டனை 'யூஸ்நெட் மரண தண்டனை' எனப்பட்டது. அந்நிறுவனத்திலிருந்து வரும் செய்தி அனைத்தும், குற்றமற்ற பயனர்கள் எழுதியவை உட்பட, ரத்து செய்யப்படும். 1997 ஆகஸ்டில் யூயூநெட் என்ற பெரிய இணைய நிறுவனத்துக்கு இத்தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களில் நிறுவனம் இறங்கி வந்தது. அந்த யூயூநெட்டை 1987இல் நிறுவியவர் பெருமறுபெயரிடலை நடத்திய அதே ரிக் ஆடம்ஸ்தான். தண்டனை வந்தபோது நிறுவனம் கைமாறிவிட்டிருந்தது.

பின்னாளில் உரையாடல் வலைத்தளங்களுக்கு நகர்ந்தது. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகம் 2010 மே மாதம் தன் செய்தி வழங்கியை நிறுத்தியது. பழைய செய்திகளின் காப்பகத்தை வாங்கி நடத்திவந்த கூகுள், 2024 பிப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெட் செய்திகளை ஏற்பதையும் அனுப்புவதையும் கைவிட்டது. அந்த நிறுவனத்தின் வழியாகவே எரிதம் பெருமளவில் வந்துகொண்டிருந்தது என்பதால், தன்னார்வலர்கள் நடத்தும் எஞ்சிய வழங்கிகளின் நிர்வாகிகள் அந்தப் பிரிவை வரவேற்றனர். அவர்களுள் சிலர் கூகுளிலிருந்து வரும் செய்திகளை அதற்கு முன்பே வடிகட்டத் தொடங்கியிருந்தனர்.